இலவசப் படிப்பும் மியூனிக் வாடகையும்



'ஜெர்மனியில் கல்லூரிக் கட்டணமே கிடையாதாமே' என்ற பேச்சு, பொறியியல் படித்து முடிக்கும் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் இப்போது அடிக்கடி காதில் விழுகிறது. பெருமளவுக்கு அது உண்மைதான். அந்நாட்டில் படிக்கும் வெளிநாட்டு மாணவர்களில் இன்று முதலிடம் இந்தியர்களுக்கே. 2023-24 கல்வியாண்டில் அவர்கள் 49,000 பேரைத் தாண்டிவிட்டார்கள். ஆனால் கல்லூரி வாங்காத பணத்தை வேறொருவர் வாங்கிக்கொள்கிறார். அவர் வீட்டுக்காரர்.

மியூனிக் நகரத்தையே எடுத்துக்கொள்வோம். விசா வேண்டுமென்றால் ஒரு மாணவர் ஓராண்டுச் செலவுக்கான 11,904 யூரோவை முடக்கக் கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும். அதிலிருந்து மாதம் 992 யூரோ மட்டும் எடுக்கலாம். ஒருவர் வாழ இவ்வளவு போதும் என்பது அரசாங்கத்தின் கணக்கு. 2024-இல் மியூனிக்கில் பகிர்வு வீட்டில் ஓர் அறைக்குச் சராசரி வாடகை 790 யூரோ. மீதி 202. மருத்துவக் காப்பீட்டுக்குச் சுமார் 140 போனால் கையில் நிற்பது அறுபது சொச்சம். நாளுக்கு இரண்டு யூரோ. பல்கலைக்கழக உணவகத்தில் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கே அது போதாது.

உள்ளூர்ப் பிள்ளைகளுக்கும் இதே கதைதான். வசதியில்லாத மாணவர்களுக்கு ஜெர்மன் அரசு தரும் உதவித்தொகையில் வாடகைக்கென்று 2024-இல் ஒதுக்கியது 380 யூரோ. பெர்லினில் உட்கார்ந்து இந்த எண்ணை எழுதியவர்களுக்கு மியூனிக் வாடகை தெரியாமல் இருந்திருக்காது. நாடு முழுவதற்கும் ஒரே தொகை என்று வைத்தார்கள். நாடு முழுவதற்குமான அறை வாடகைச் சராசரியே அந்த ஆண்டு 489.

ஏன் இந்த நிலை? நகரில் இரண்டு பெரிய பல்கலைக்கழகங்கள். இரண்டிலும் சேர்த்து ஒரு லட்சம் மாணவர்களுக்கு மேல். பி.எம்.டபிள்யூ., சீமென்ஸ் போன்ற நிறுவனங்களில் நல்ல சம்பளம் வாங்குகிறவர்களும் அதே வீடுகளைத்தான் தேடுகிறார்கள். தெற்கே குரோஸ்ஹாடர்னிலிருந்து பல்கலைக்கழகம் வழியாக வடக்கே கார்ஷிங் ஆய்வு வளாகம் வரை யு-6 சுரங்க ரயில் ஓடுகிறது. இந்தப் பாதையை ஒட்டி ஓர் அறை கிடைப்பது குதிரைக்கொம்பு. போதாக்குறைக்கு, குளிர்காலப் பருவம் தொடங்குவது அக்டோபரில். புதிதாக வருகிறவர்கள் பெட்டியோடு இறங்கும் செப்டம்பர் பிற்பகுதியில்தான் ஊரில் பீர்த் திருவிழா. தற்காலிகமாகத் தங்கும் விடுதிகள்கூட அப்போது எட்டாத விலைக்குப் போய்விடும்.

பணம் இருந்தாலும் அறை கிடைத்துவிடாது. பகிர்வு வீட்டில் ஏற்கெனவே குடியிருப்பவர்கள்தான் புதியவரைத் தேர்ந்தெடுப்பார்கள். சமையலறையில் உட்காரவைத்துத் தேநீர் கொடுத்துக் கேள்வி கேட்பார்கள். நம் ஊர்ப் பெண் பார்க்கும் படலம்தான், பஜ்ஜி மட்டும் கிடையாது. 'நான் உண்டு, என் படிப்பு உண்டு, யாருக்கும் தொந்தரவு தரமாட்டேன்' என்று நம் பிள்ளை அடக்கமாகச் சொல்வான். நம் வீட்டில் அது நற்சான்றிதழ். அங்கே, சேர்ந்து சமைக்கவும் பேசவும் ஆள் தேடுகிறவர்கள் அடுத்தவரைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

அறை கிடைத்தால் மூன்று மாத அடிப்படை வாடகை வரை முன்பணம் கேட்கலாம்; சட்டம் அதற்கு இடம் தருகிறது. குடிவந்த இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட தாள் தேவை. அந்தத் தாளைத் தர மறுத்து, 'பதிவு வேண்டாமென்றால் அறை தருகிறேன்' என்பவர்களும் உண்டு. பதிவு இல்லாவிட்டால் வதிவிட அனுமதி வாங்குவதே சிக்கலாகும். வாடகை உயர்வுக்கு 2015 முதல் தடுப்புச் சட்டம் இருக்கிறது என்பார்கள். இருக்கிறது. ஒரு கட்டிலும் மேசையும் போட்டு, 'தற்காலிகக் குடியிருப்பு' என்று எழுதிவிட்டால் அந்தச் சட்டத்திலிருந்து நழுவிவிடலாம்.

இதற்கெல்லாம் மாற்று, மாணவர் நலச் சங்கத்தின் விடுதிகள். சந்தை வாடகையில் ஏறத்தாழப் பாதி. 1972 ஒலிம்பிக்கில் வீராங்கனைகள் தங்கிய கிராமத்தில் இன்று ஆயிரத்துக்கு மேற்பட்ட குட்டி வீடுகளில் மாணவர்கள் இருக்கிறார்கள். சுவர்களில் தாங்களே படம் வரைந்துகொள்கிறார்கள். ஆனால் காத்திருப்போர் பட்டியல் பல பருவங்களுக்கு நீள்கிறது. இந்த நெருக்கடிக்கு நடுவே ஒரு கொடுமையும் நடந்தது. ஃப்ரைமன் பகுதியில் 'மாணவர் நகரம்' என்று ஒரு குடியிருப்பு இருக்கிறது. சுமார் 2,500 பேர் தங்கக்கூடியது, நாட்டிலேயே மிகப் பெரியவற்றில் ஒன்று. 2021 பிப்ரவரியில் அங்கே ஒரு கட்டடம் தீப்பிடித்தது. பிறகு மற்ற உயரமான கட்டடங்களிலும் தொழில்நுட்பக் கோளாறுகள் தெரியவர, ஒவ்வொன்றாகக் காலி செய்தார்கள். பழுதுபார்க்கப் பணமும் ஆளும் வந்து சேராமல், ஆயிரத்துக்கு மேற்பட்ட அறைகள் ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடந்தன. வாடகைக் கொள்ளை என்று வீட்டுக்காரர்களை மட்டும் திட்டுகிறவர்களிடம் இந்தப் பூட்டைத்தான் நான் காட்டுவேன்.

இன்னொன்று. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 குளிர்காலப் பருவத்திலிருந்து, ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து புதிதாகச் சேர்கிறவர்களிடம் கட்டணமும் வாங்கத் தொடங்கிவிட்டது. முதுகலைக்குப் பருவத்துக்கு 4,000 அல்லது 6,000 யூரோ. ஆக, அங்கே 'இலவசம்' என்ற சொல்லுக்கே இடமில்லை.

மியூனிக்தான் வேண்டும் என்றில்லை. ஜெர்மனியின் கிழக்கே கெம்னிட்ஸ் போன்ற நகரங்களில் ஓர் அறை மியூனிக் வாடகையில் பாதிக்கும் குறைவாகக் கிடைக்கும். பகுதிநேர வேலைக்கு மியூனிக்கில் இருக்கும் வாய்ப்புகள் அங்கே இல்லை என்பதும் உண்மை. எந்த ஊரானாலும், அனுமதிக் கடிதம் வந்த அன்றே விடுதிக்கு விண்ணப்பியுங்கள். 'நான் வெளிநாட்டில் இருக்கிறேன், பணம் அனுப்பினால் சாவியைத் தபாலில் அனுப்புகிறேன்' என்று யாராவது மின்னஞ்சலில் எழுதினால், படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் பதில் போடாதீர்கள்.