வாலிபர் தொண்டும் பேச்சு முறையும்

(மாரண்டஹள்ளியில் வாலிபர் தொண்டர்கள் கூட்டத்தில் பேசியது)



இன்று நம்மைப் பேசச் சொன்ன விஷயம், வாலிபர்களுக்குள் தொண்டு செய்ய முன்வந்திருக்கிறவர்கள் அவ்வாலிபர்களிடத்திலும் அவர்களைப் பெற்றவர்களிடத்திலும் எப்படிப் பேசிப் பழகுவது என்பதாகும். பேசத் தெரியாதவன் யார், இதற்கும் ஒரு கூட்டமா என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நம் நாட்டில் பேச ஆளில்லாமல் எந்தக் காரியமும் நின்று போனதாக நாம் கேள்விப்பட்டதில்லை. கேட்க ஆளில்லாமல் நின்று போன காரியங்களோ எண்ணி முடியாது. மேடைப் பேச்சு வேறு, வாசற்படிப் பேச்சு வேறு. மேடையில் நாம் பேசுகிறோம், நீங்கள் கேட்டுக் கொண்டிருக்கிறீர்கள். வாசற்படியில் அது நேர்மாறாக நடக்க வேண்டும்.

முதலில் ‘வா’, ‘வாங்க’ என்கிற இரண்டு சொற்களை எடுத்துக் கொள்ளுவோம். நம் கிராமங்களில் அறுபது வயதுக் கிழவர் ஒருவரைப் பதினாறு வயதுப் பையன் ‘என்னடா, இங்கே வா’ என்று கூப்பிடுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கிழவர் குடியிருப்பது காலனி, பையன் குடியிருப்பது ஊர் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் கிடையாது. அதே பையன் தாலுக்கா ஆபீஸ் சேவகரைக் கண்டால் ‘வாங்க சார்’ என்கிறான். ஆகவே மரியாதைச் சொல் அவனுக்குத் தெரியாமலில்லை. யாருக்குக் கொடுக்கக் கூடாதென்பதையும் சேர்த்தே பழக்கியிருக்கிறார்கள். இப்படிப்பட்ட ஊருக்குள் தொண்டன் நுழைந்தால், அவன் என்ன பேசினான் என்பதை ஜனங்கள் பிறகுதான் கவனிப்பார்கள். யார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தான், யார் வீட்டுத் தண்ணீரைக் குடித்தான், யாரை ‘அண்ணா’ என்றான், யாரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டான் என்பதுதான் முதல் நாளே ஊர் முழுவதும் பரவும். ஊர்த் தெருவில் ‘அண்ணா, அக்கா’ என்று சொல்லிவிட்டு, காலனியில் ‘ஏம்ப்பா முனியா’ என்கிறவன் சமத்துவத்தைப் பற்றி ஆயிரம் பேசினாலும் ஒரு காசு பெறாது. இரு பக்கத்திலும் தாத்தாவைத் தாத்தா என்றும், அக்காளை அக்கா என்றும் சொல்லுங்கள்.

இன்னொன்று. ‘நீங்க எந்தத் தெரு?’ ‘உங்க குலதெய்வம் எது?’ என்று அன்பாக விசாரிக்கிற ஒரு தந்திரம் நம்மவர்களிடம் உண்டு. ஜாதியை வாய்விட்டுக் கேட்கக் கூச்சப்படுகிறவன் சுற்றிவந்து கேட்கிற கேள்வி அது. கேட்கப்படுகிறவனுக்கு அது நன்றாகப் புரியும். தொண்டன் வாயில் அந்தக் கேள்வி வரக்கூடாது.

இதை நாம் சில்லறை விஷயமாக நினைக்கவில்லை. 2012 நவம்பர் 7ந் தேதி நம் மாவட்டத்திலேயே நாயக்கன்கொட்டாய்ப் பக்கத்தில் நத்தம், அண்ணாநகர், கொண்டம்பட்டி ஆகிய மூன்று குடியிருப்புகளில் 250க்கு மேற்பட்ட வீடுகள் எரிக்கப்பட்டன. ஒரு ஆணும் ஒரு பெண்ணும் ஜாதி மாறி மணந்து கொண்டதை ஒட்டி அது மூண்டது. அங்கே ஒரு வாசகசாலை இருந்திருந்தால் அது நடந்திராது என்று சொல்லுகிற அளவுக்கு நாம் அப்பாவிகளல்ல. ஆனாலும் ஊர்ப் பையனும் காலனிப் பையனும் ஒரே பந்தை ஆடி, ஒரே பெஞ்சில் டீ குடித்து, ஒருவன் வீட்டுக் கஷ்டம் மற்றவனுக்குத் தெரிந்திருக்கிற இடத்தில் தீ வைக்க ஆள் சேர்ப்பது சற்றுக் கஷ்டமாயிருக்கும். அந்தப் பழக்கத்தை உண்டாக்கி வைப்பது தொண்டனுடைய வேலை. கலகம் வந்த பிறகு சமாதானக் கமிட்டி போடுவது போலீசாருடைய வேலை.

பாஷை விஷயம் சுருக்கமாகச் சொல்லுவோம். இந்த ஊரின் பேரிலேயே ‘ஹள்ளி’ என்று கன்னடம் உட்கார்ந்திருக்கிறது. சுற்றுப்புறத்தில் தெலுங்கும் கன்னடமும் வீட்டுப் பேச்சாக உள்ளவர்கள் ஏராளம். அவர்களிடம் இலக்கணத் தமிழில் பிரசங்கம் செய்யாதீர்கள். அவர்கள் பாஷையில் நாலு வார்த்தை தப்பாகப் பேசினாலும் சிரித்துக் கொண்டே உள்ளே கூப்பிடுவார்கள்.

இனிக் கேட்பதைப் பற்றி. பத்தாம் வகுப்போடு ஒரு பெண்ணை நிறுத்திவிட்டு மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்று வைத்துக் கொள்ளுங்கள். நம் மாவட்டத்துக்கு இது புதிதல்ல. தொண்டன் போய், ‘2006ம் வருஷத்துச் சட்டப்படி பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 ஆக வேண்டும், மீறினால் இரண்டு வருஷம் வரை தண்டனை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம்’ என்று ஆரம்பித்தால் என்ன நடக்கும்? கதவு சாத்தப்படும். கலியாணம் வேறு ஊரில் இரவோடிரவாக நடக்கும். சட்டம் பொய்யென்று நாம் சொல்லவில்லை. அதை எடுத்தவுடன் நீட்டுகிறவனுக்கு அந்த வீட்டில் இரண்டாவது வார்த்தை கிடைக்காது என்றுதான் சொல்லுகிறோம்.

தகப்பனாரை முதலில் பேச விடுங்கள். தக்காளி விலை போய்விட்டது, கடன் நிற்கிறது என்பார். அதைக் கேளுங்கள். ‘அப்படியானால் இந்த வருஷம் கையில் ஒன்றும் நிற்கவில்லையா?’ என்று அவர் சொன்னதையே அவரிடம் திருப்பிச் சொல்லிப் பாருங்கள், மேற்கொண்டு சொல்லுவார். உள்ளே இருக்கிற பயம் அப்போதுதான் வெளியே வரும். ஒருவருக்கு மேலே படிக்க வைக்கப் பணமில்லை என்ற பயம். இன்னொருவருக்கு வயது ஏற ஏற நகை அதிகம் கேட்பார்களே என்ற பயம். மற்றொருவருக்கு பஸ்ஸில் போய் வருகிற பெண் யாரையாவது விரும்பிவிடுவாளோ என்ற பயம். ஜாதியின் பயம் என்று இதைச் சொன்னால் அவருக்குக் கோபம் வரும், ஆனால் விஷயம் அதுதான். பணப் பயத்துக்கு, அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகிற பெண்ணுக்கு மாதம் ரூ.1000 கொடுக்க 2022ல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தைச் சொல்லலாம். மூன்றாவது பயக்காரரிடம் அதைச் சொல்லி என்ன பிரயோஜனம்? அவரிடம் பல நாள் போய் வர வேண்டும். எந்தப் பயம் என்று தெரியாமல் மருந்து கொடுக்கிறவன் வைத்தியனல்ல.

இவ்வளவு பொறுமையும் கலியாணத் தேதி குறிக்காத வரையில்தான். தேதி குறித்துவிட்டால் 1098க்குப் பேசுங்கள், மாவட்ட சமூக நல அலுவலருக்கும் தெரியப்படுத்துங்கள். அப்போது சம்பாஷணை நயம் பார்த்துக் கொண்டிருப்பது அந்தப் பெண்ணைக் கைவிடுவதாகும்.

அந்தப் பெண்ணே உங்களிடம் பேச வந்தால், ‘யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்று வாக்குக் கொடுத்து விடாதீர்கள். ‘உனக்கு ஆபத்தென்றால் உதவக்கூடியவரிடம் மட்டும் சொல்லுவேன், உனக்குத் தெரிந்தே சொல்லுவேன்’ என்று முதலிலேயே சொல்லிவிடுவது யோக்கியமானது. குழந்தைகளுக்கு இழைக்கப்படும் பாலியல் கொடுமை தெரிந்தும் மறைப்பது 2012ம் வருஷத்துச் சட்டப்படி குற்றமுமாகும். ஆண் தொண்டர்கள் இரவு நேரத்தில் பெண் பிள்ளைகளுக்குத் தனியே போனில் செய்தி அனுப்புவதை அடியோடு விட்டுவிட வேண்டும். எண்ணம் நல்லதாயிருந்தாலும் அடி வாங்குகிறவள் அவளாகத்தானிருப்பாள்.

பையன்கள் விஷயம் வேறு மாதிரி. ஓசூருக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போய் வருகிற பையனை எதிரே உட்கார வைத்து, ‘ஏன் படிப்பை விட்டாய்?’ என்றால் அவன் தரையைப் பார்ப்பான். ‘ஏன்’ என்பது வாத்தியாரும் போலீசும் கேட்கிற கேள்வி. ‘என்ன நடந்தது?’ என்று கேளுங்கள். அதையும் வாலிபால் வலை கட்டும்போதோ, ரயிலுக்குக் காத்திருக்கும்போதோ கேளுங்கள். கேட்டுவிட்டு வாயை மூடிக் கொண்டு மனதிற்குள் பத்து வரை எண்ணுங்கள். நம்மவர்களுக்கு இதுதான் மிகவும் கஷ்டம்.

போனில் வருகிற வதந்தியை அவன் பத்துப் பேருக்குத் தள்ளுகிறபோதும் முட்டாளென்று திட்டாதீர்கள். ‘இது எங்கிருந்து வந்தது? பார்த்தவர் யார்?’ என்று கேளுங்கள். 2018 மே மாதத்தில் திருவண்ணாமலை மாவட்டத்தில் பிள்ளை பிடிக்கிறவளென்று ஒரு வயதான அம்மாளை அடித்தே கொன்றார்கள். இந்த இரண்டு கேள்விகளைக் கேட்க அன்று அங்கே யாருமில்லை.

இம்முறை நமது கற்பனையல்ல. பிரேசில் தேசத்தில் பாவ்லோ பிரெய்ரே என்பவர் 1963ல் அங்கிகோஸ் என்ற ஊரில் சுமார் 300 கூலியாட்களுக்கு நாற்பது மணி நேரத்தில் எழுத்துக் கற்பிக்கப் புறப்பட்டபோது, முதலில் அவர்களுடைய பேச்சைக் கேட்டு அதிலுள்ள சொற்களைக் கொண்டே பாடம் அமைத்தார். நம் நாட்டிலும் 1991ல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத் தொண்டர்கள் இரவில் வீடு தேடிப் போனார்கள். அங்கே பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றுக் கொண்டார்கள். எழுத்துக் கற்பிக்கப் போன இடத்தில் சைக்கிளுக்கு என்ன வேலை என்று கேட்கிற பண்டிதர்கள் கேட்டுக் கொண்டே இருக்கட்டும்.

நாம் அதிக நேரம் எடுத்துக் கொண்டோம். கேட்பதைப் பற்றி இவ்வளவு நேரம் பேசியதே வேடிக்கைதான். இனி நீங்கள் கேளுங்கள். எழுந்து கேட்கக் கூச்சமாயிருப்பவர்கள் சீட்டில் எழுதி அனுப்பலாம், பேர் போட வேண்டியதில்லை. நாம் சொன்னதை மறுக்கிறவர்கள் தாராளமாக மறுக்கலாம். பின்னால் உட்கார்ந்திருக்கிற பெண் தோழர்கள் முதலில் கேட்கட்டும்.