பம்பு தண்ணீரை இழுக்கிறதா?

கோடையிலே பல கிணற்றடியில் நடக்கிற சங்கதி இது. கிணற்று மேட்டில் 5 குதிரைசக்தி பம்பு ஓடுகிறது. காலையில் வாய்க்கால் நிறையத் தண்ணீர். வெயில் ஏற ஏறத் தண்ணீர் மெலிகிறது; பம்புக்குள்ளே சரளைக்கல் உருள்வது போலச் சத்தம்; அப்புறம் அடியோடு நின்றுவிடுகிறது. எட்டிப் பார்த்தால் புட்வால்வு இன்னும் நாலடித் தண்ணிக்குள்ளேதான் கிடக்குது! "மோட்டாருக்கு வலு பத்தலை, ஏழரை போடுங்க" என்று யாராவது யோசனை சொல்வார்கள். கடன் வாங்கி ஏழரை போட்டாலும் அதே கதைதான்.

ஏன்? இளநீரில் பப்பாளித் தண்டை வைத்து உறிஞ்சுகிறோமே, அதை நினைத்துப் பாருங்கள். தண்டுக்குள் இருக்கும் காற்றைக் குறைப்பது மட்டும்தான் நம் வேலை. இளநீரை மேலே தள்ளுவது வெளிக்காற்று. தண்டைச் சுற்றி ஓட்டையை இறுக அடைத்துவிட்டு உறிஞ்சுங்கள், ஒரு வாய்க்கு மேல் வராது.

பம்பும் அப்படித்தான். அது இழுப்பதில்லை, கிணற்றுத் தண்ணீரைக் காற்று அமுக்கி, குழாயில் ஏற்றி விடுகிறது. அந்த அமுக்கம் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் ஒரு கிலோ. இத்தாலி நாட்டு டாரிசெல்லி 1644-இல் எழுதிய கடிதத்தில் இதை விளக்கினார். அவருடைய கண்ணாடிக் குழாயில் பாதரசம் சுமார் 76 சென்டிமீட்டர் நின்றது. தண்ணீரைவிடப் பாதரசம் 13.6 மடங்கு கனம். பெருக்கிப் பார்த்தால் தண்ணீருக்கு ஏறக்குறைய 34 அடி. குழாய் உராய்வு, பெண்டு, வால்வு எல்லாம் போக, நமக்குக் கிடைப்பது 20 முதல் 25 அடிதான். எத்தனை குதிரைசக்தி போட்டாலும் காற்றின் வலு கூடாது.

'பெரிய குழாயில் தண்ணீர்ப் பாரம் அதிகமாச்சே, காற்று தாங்குமா?' என்று சிலர் கேட்பதுண்டு. நல்ல கேள்வி. 2 அங்குலத்துக்குப் பதில் 4 அங்குலம் போட்டால் பாரம் நாலு மடங்கு. காற்று அமுக்குகிற வாயும் நாலு மடங்கு. உயரம் மாறாது. உராய்வு குறைவதால் பெரிய குழாய் நல்லதே.

ஆகவே, மோட்டார் வாங்கப் போகுமுன் ஒரு கயிற்றில் கல்லைக் கட்டி, பம்பிலிருந்து தண்ணீர் மட்டம் வரை அளந்து பாருங்க. தண்ணீர் நின்றுபோகிற வேளையில் அளக்கணும். 25 அடிக்கு மேலே போனால் பம்பைக் கிணற்றுக்குள் திட்டு அமைத்து இறக்க வேண்டியதுதான். அங்கிருந்து மேலே தள்ளுவது மோட்டாரின் பொறுப்பு. குதிரைசக்தி அங்கேதான் பயன்படும். மழைக்காலத்தில் மறக்காமல் மேலே ஏற்றிவிடுங்கள். அளவு 15 அடிதான் என்றால் கோளாறு வேறு: உறிஞ்சுகுழாய் இணைப்பில் காற்று புகலாம், புட்வால்வு கசியலாம்.

உதகைப் பக்கத்து விவசாயிகள் இன்னும் தாழ்வாக வைக்கணும். அங்கே காற்றின் அமுக்கம் கால் பங்கு குறைவு. ஆழ்குழாய்க் கிணற்றில் நீர்மூழ்கி மோட்டார் போட்டவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அது தண்ணிக்குள்ளேயே இருந்து மேலே தள்ளுது.