மேற்குச் சென்னையில் சில கேள்விகள்

உலகிலேயே முதன்முதலாக அக்காவும் தம்பியும் செஸ் கிராண்ட்மாஸ்டரானது எந்த வீட்டில்? அம்பத்தூரை ஒட்டிய பாடியைச் சேர்ந்த குடும்பத்தில். தம்பி பிரக்ஞானந்தா 2018இல், 12 வயதில் அந்தப் பட்டத்தைப் பெற்றார். அக்கா வைஷாலி 2023இல் எட்டினார். செஸ் ஆடத் தொடங்கியது அக்காதான். பட்டத்தில் முந்தியது தம்பி. உலக சாம்பியனோடு மோதுபவரைத் தேர்ந்தெடுக்கும் கேண்டிடேட்ஸ் போட்டிகள் 2024இல் டொரண்டோவில் நடந்தபோது இருவருமே ஆடினார்கள். அக்காவும் தம்பியும் இப்படி ஒரே ஆண்டில் கேண்டிடேட்ஸில் ஆடியதும் அதுவே முதல்முறை.

அடுத்த கேள்வியில் பலர் தடுக்கி விழுவார்கள். 1955 ஜனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைவர் யார்? நேரு என்று உடனே பதில் வரும். அங்கே நிறைவேறிய சோஷலிச பாணி சமுதாயம் என்ற தீர்மானத்தோடு அவர் பெயர் அவ்வளவு ஒட்டிக்கொண்டுவிட்டது. தலைமை வகித்தவரோ யு.என். தேபர். அதே ஆவடியின் கனரக வாகனத் தொழிற்சாலையில் தயாரான முதல் டாங்கி விஜயந்தா; பிரிட்டிஷ் வடிவமைப்பு. அர்ஜுன் பிறகு வந்தது.

பண்பாட்டுக் கேள்விக்குப் பூந்தமல்லி போதும். ராமானுஜர் குருவாகப் போற்றிய திருக்கச்சி நம்பி பிறந்த ஊர் அது. காஞ்சி வரதருக்கு ஆலவட்டம் வீசியவர் அவர். தேவாரத் தலம் கேட்டால் திருமுல்லைவாயில், சுந்தரர் பாடியது. பாடியும் தேவாரத் தலமே. திருவலிதாயம் என்ற பெயரில் அதைப் பாடியவர் சம்பந்தர்.