லீவை எண்ணிவிட்டுத் திகதி குறியுங்கள்

(அம்பிட்டியவில், ஊர் திரும்பும் குடும்பங்களிடம் பேசியது)

ஊர் திரும்பும் எங்கள் குடும்பங்களில் பால்மாற்றுச் சத்திரசிகிச்சைக்கு ஆயத்தமாகும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் பெற்றவர்களுக்கும் ஒரு கணக்குச் சொல்கிறேன்.

கடை, காரியாலய ஊழியர் சட்டப்படி, முழு உரித்துள்ளவருக்கு வருடத்தில் 14 நாள் வருடாந்த லீவு, 7 நாள் அமய லீவு. மொத்தம் 21. மார்பில் செய்தவர் பெரும்பாலும் இரண்டு வாரத்தில் மேசை வேலைக்குப் போகலாம். கீழ்ப்பகுதியில் செய்தவருக்கு 6 முதல் 8 வாரம் வேண்டும். குறையும் நாட்களுக்குச் சம்பளமில்லா லீவை முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள். சான்றிதழில் ‘சத்திரசிகிச்சை, ஓய்வு தேவை’ என்று மட்டும் எழுத முடியுமா என வைத்தியரிடம் கேட்கலாம்.

2016 முதல், மனநல வைத்திய நிபுணர் தரும் பாலின அங்கீகாரச் சான்றிதழைக் காட்டிப் பிறப்புச் சான்றிதழைத் திருத்தலாம். அந்த அலைச்சலும் லீவைத் தின்னும்; எல்லா நாளையும் ஆஸ்பத்திரிக்கே கொடுத்துவிடாதீர்கள்.

வேலைத்தலத்தில் லீவு கிடைத்தாலும் வீட்டில் கிடைப்பதில்லை. ஊருக்குப் போனதும் காணி துப்புரவு, கிணறு இறைப்பு, கல் சுமப்பு. “சும்மாதானே நிற்கிறாய்” என்று முதலில் வேலை ஏவுவது நாங்கள்தான். வைத்தியர் சொல்லும்வரை தண்ணீர்க்குடம்கூடத் தூக்கவிடாதீர்கள். கிளினிக் முடியும்வரை அந்தப் பிள்ளை இங்கேயே உறவினர் வீட்டில் நிற்கட்டும். லொறியில் சாமானோடு ஏற்றாதீர்கள்.