அந்தப்புரம் எந்தப் பக்கம்?

அந்தப்புரம் என்றதும் சினிமாவில் ராணி சாய்ந்திருக்கும் அறைதான் நமக்கு நினைவு வரும். ஆண்கள் இருப்பது இந்தப் பக்கம், பெண்கள் அந்தப் பக்கம், அதனால் அந்தப்புரம் என்று விளக்குகிறவர்களும் உண்டு. காதுக்கு இதமாகத்தான் இருக்கிறது. ஆனால் பக்கம் என்றால் வல்லின 'ற' போட்டுப் 'புறம்' என்றல்லவா எழுத வேண்டும்? இது ராஜா அண்ணாமலைபுரத்தின் 'புரம்'. ஊர், நகர் என்று பொருள். முன்னால் நிற்பது 'உள்ளே' எனும் வடமொழி 'அந்தர்'. அந்தரங்கத்திலும் அதுவே இருக்கிறது. அப்படியானால் நடுவில் 'ப்' எங்கிருந்து வந்தது? மூலச்சொல் 'அந்தஃபுரம்'. துஃகம் நம் வாயில் துக்கமானது போல, இதுவும் இரட்டித்துக்கொண்டது.

ராணி தூங்கும் இடத்துக்கு நகரம் என்று பெயரா என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால் அது ஒற்றை அறையே இல்லை. மதில், அகழி, வாயில்கள், பல கட்டுகளோடு அந்தப்புரத்தைக் கட்டச் சொல்கிறது கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம். கோபித்துக்கொள்ளவே தனி இடமும் இருந்தது: வால்மீகி அதைக் குரோதாகாரம் என்கிறார். மந்தரையின் பேச்சைக் கேட்ட கைகேயி நகைகளைக் கழற்றி எறிந்துவிட்டுத் தரையில் கிடந்தது அங்கேதான். பிரெஞ்சுக்காரர்கள் சீமாட்டியின் தனியறைக்கு வைத்த 'பூத்வார்' என்ற பெயரும், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வதைக் குறிக்கும் வினையிலிருந்து பிறந்ததுதான்.