பாட்டின் பின்னே நின்றவர்கள்

(ஆண்டு விழா உரை)

     

ஆண்டு விழா மேடையில் ஏறுவோர் இலக்கியம் பேசுவது வழக்கம். புலமை மிக்க பெரியோர் அமர்ந்துள்ள இவ்வவையில் இலக்கியம் பேசும் தகுதி நமக்கு இல்லை. மெட்ரிகுலேஷன் தேறியவுடன் இரயில்வே அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்தோம். அன்றுமுதல் பதிவேடுகளே நம் நூல்கள். ஆயினும் செயலாளர் அவர்கள் விடவில்லை. "உமக்குத் தெரிந்த ஒன்றைப் பற்றிப் பேசும், அது போதும்" என்றார். நமக்குத் தெரிந்தவை பழைய இசைத்தட்டுகளே. ஆகவே, அமெரிக்க நாட்டுக் கறுப்பின மக்கள் வளர்த்த 'சோல்' என்னும் இசையைப் பற்றியும், அவ்விசைத்தட்டுகளில் வாசித்த கலைஞர்களைப் பற்றியும் சில சொல்லத் துணிந்தோம். தமிழ்ச் சங்கத்தில் அமெரிக்கப் பாட்டுக்கு என்ன வேலை என்று சிலர் புருவம் நெரிக்கலாம். முடிவில் அதற்கு விடை கூறுவோம். அதுவரை பொறுத்தருள வேண்டுகிறோம்.

நம் காலனியில் ஓய்வு பெற்ற ஆங்கிலோ இந்தியக் கார்டு ஒருவர் வாழ்ந்தார். இரயில்வே இன்ஸ்டிடியூட்டில் நடனமும் வாத்தியமும் முழங்கிய காலத்தைக் கண்டவர். அவர் வீட்டில் ஒரு பெட்டி நிறைய இசைத்தட்டுகள் இருந்தன. புதிதாக வேலையில் சேர்ந்த நாம் மாலை வேளைகளில் அங்குச் சென்று அமர்வோம். பாடுகிறவரின் குரலைச் சற்றே மறந்து, அதன் அடியில் ஓடும் ஒலியைக் கேட்கும்படி அவர் நமக்குக் கற்பித்தார். தட்டின் உறையைத் திருப்பி, "இதை வாசித்தவர் யார்?" என்று நாம் கேட்டோம். பல உறைகளில் அதற்கு விடை இல்லை. அன்று எழுந்த கேள்வியே இன்றைய பேச்சு.

சோல் என்றால் ஆன்மா. கறுப்பின மக்களின் தேவாலயப் பாடல்களிலிருந்த உருக்கமும், 'ரிதம் அண்டு புளூஸ்' என்னும் அவர்களது உலகியல் இசையின் துள்ளலும் கலந்து, 1950களில் பிறந்தது இவ்விசை. ரே சார்லஸ், சாம் குக் ஆகியோர் இதற்கு வழி வகுத்தவர்கள். இவ்விசை வளர்ந்த காலம் ஒரு பெரும் இடப்பெயர்ச்சியின் காலமும் ஆகும். ஏறத்தாழ 1910 முதல் 1970 வரை சுமார் 60 இலட்சம் கறுப்பின மக்கள், தென் மாநிலங்களின் கொடுமையினின்றும் வறுமையினின்றும் நீங்கி, வடக்கிலும் மேற்கிலும் இருந்த நகரங்களுக்குக் குடியேறினர். இரயிலேறிச் சென்றோர் பலர். தொழிற்சாலை வேலையை நாடிச் சென்றோர் பலர். பிழைப்புக்காகப் பிறந்த மண்ணைப் பிரிவதன் பொருள் இக்காலனி மக்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டுவதில்லை.

அவ்வாறு மக்கள் திரண்ட நகரங்களுள் ஒன்று டெட்ராய்ட். மோட்டார் வண்டிகள் செய்யும் நகரம். அங்கே போர்டு நிறுவனத்தின் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர் பெர்ரி கோர்டி. தம் குடும்பத்தாரிடம் 800 டாலர் கடன் பெற்று 1959ஆம் ஆண்டு அவர் தொடங்கிய இசைத்தட்டு நிறுவனமே பின்னர் மோட்டவுன் எனப் பெயர் பெற்றது. ஒரு பக்கம் வெறும் சட்டமாக நுழையும் வண்டி மறுபக்கம் முழு வண்டியாக வெளிவருவதைத் தொழிற்சாலையில் கண்ட அவர், பாட்டையும் அவ்வாறே உருவாக்க எண்ணினார். ஒருவர் எழுத, ஒருவர் மெருகூட்ட, ஒருவர் பாட, வாரந்தோறும் கூடித் தேர்ந்தெடுப்பர். மேற்கு கிராண்ட் புல்வார்டு என்னும் தெருவில் ஒரு சாதாரண வீட்டை வாங்கி, அதில் இருந்த புகைப்பட நிலையத்தை ஒலிப்பதிவுக் கூடமாக்கினார். சுப்ரீம்ஸ், டெம்ப்டேஷன்ஸ், மார்வின் கே, ஸ்டீவி வொண்டர் எனப் புகழ் பெற்ற பெயர்கள் யாவும் அச்சிறு கூடத்திலிருந்து புறப்பட்டவையே.

ஆனால், அந்தக் கூடத்தில் இவர்கள் அனைவருக்கும் வாசித்தவர்கள் ஒரே குழுவினர். 'பங்க் பிரதர்ஸ்' என்று தமக்குள் பெயரிட்டுக் கொண்டனர். பியானோவில் ஏர்ல் வேன் டைக், டிரம்மில் பென்னி பெஞ்சமின், கிதாரில் ராபர்ட் வைட், எடி வில்லிஸ், ஜோ மெசினா, பேஸ் கிதாரில் ஜேம்ஸ் ஜேமர்சன். இவர்களுட் பலர் இரவில் விடுதிகளில் ஜாஸ் இசை வாசித்தவர்கள். இவர்கள் முன் வைக்கப்பட்ட தாளில் பல வேளை சில குறிப்புகளே இருக்கும். மற்றதை இவர்களே கற்பனை செய்து நிரப்புவர்.

ஜேமர்சனைப் பற்றிச் சிறிது விரித்துச் சொல்ல வேண்டும். 1936இல் தென் கரோலினாவில் பிறந்து, 1954இல் டெட்ராய்ட்டுக்கு வந்தவர். பேஸ் என்பது தாழ்ந்த சுருதியில் ஒலிக்கும் நான்கு கம்பிக் கருவி. அதுவரை பாட்டுக்கு அடித்தளமாகத் தட்டிக் கொண்டிருந்ததே அதன் வேலை. ஜேமர்சன் கையில் அது பாட்டோடு உரையாடத் தொடங்கியது; பாடகர் மூச்சு விடும் இடத்தில் பேசியது; அவர் குரல் உயரும்போது அடங்கி நின்றது. வலக்கைச் சுட்டுவிரல் ஒன்றினாலேயே வாசித்தார். பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி தாம் அவரிடம் கற்றதை வெளிப்படையாகக் கூறியிருக்கிறார். ஆயினும் ஜேமர்சனின் பெயர் பல ஆண்டுகள் மோட்டவுன் தட்டுகளின் உறையில் அச்சாகவில்லை. 1971இல் மார்வின் கே வெளியிட்ட 'வாட்ஸ் கோயிங் ஆன்' என்னும் தொகுப்பின் உறையிற்றான் கலைஞர்களின் பெயர்கள் முறையாக இடம் பெற்றன. அத்தொகுப்பில் ஒரு பாட்டுக்கு, மது மயக்கத்தில் நிற்க இயலாமல், தரையில் மல்லாந்து படுத்தபடியே ஜேமர்சன் வாசித்தார் என்பர். அவரே வேண்டும் என்று பாடகர் காத்திருந்தார் என்பதே அதில் நாம் காண வேண்டிய செய்தி.

பெயர் வந்த மறு ஆண்டே நிறுவனம் லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்குக் குடிபெயர்ந்தது. பின்னே வாசித்தவர்களுட் பலர் டெட்ராய்ட்டிலேயே விடப்பட்டனர். ஜேமர்சன் தாமும் அந்நகருக்குச் சென்றார். பழைய நிலை அவருக்கு மீளவில்லை. 1983இல் மோட்டவுனின் 25ஆம் ஆண்டு விழா தொலைக்காட்சிக்காகப் பெருஞ் சிறப்புடன் நடந்தது. ஜேமர்சனுக்கு அழைப்பு இல்லை. வெளியே சீட்டு விலைக்கு வாங்கி, மேல்மாடத்தில் ஒருவராக அமர்ந்து அவ்விழாவைப் பார்த்தார் என்று எழுதியிருக்கிறார்கள். அவ்வாண்டு ஆகஸ்டுத் திங்களில் அவர் காலமானார். அப்போது அவருக்கு வயது 47.

கிதார் வாசித்த ராபர்ட் வைட்டைப் பற்றியும் ஒரு நிகழ்ச்சி உண்டு. டெம்ப்டேஷன்ஸ் பாடிய 'மை கேர்ள்' 1965இல் முதலிடம் பெற்ற பாட்டு. அதன் தொடக்கத்தில் படிப்படியாக ஏறிவரும் கிதார் ஒலியைக் கேட்ட மாத்திரத்தில் உலகமெங்கும் அடையாளம் கண்டுகொள்வர். அதை வாசித்தவர் வைட். பிற்காலத்தில் ஓர் உணவு விடுதியில் அவர் அமர்ந்திருந்தபோது அப்பாட்டு ஒலித்தது. பரிமாற வந்த பணியாளரிடம், "இது நான் வாசித்தது" என்று சொல்ல வாயெடுத்தவர் சொல்லாமல் நிறுத்திக் கொண்டார். கிழவன் ஏதோ பிதற்றுகிறான் என்று எண்ணிவிடுவாரே என்ற அச்சம்! உடனிருந்தவர் சொல்லி இச்செய்தி வெளியாயிற்று.

இதற்குக் காரணம் ஒருவரது தீய எண்ணம் மட்டுமன்று. பாட்டின் சொல்லுக்கும் மெட்டுக்கும் உரிமை உண்டு. எழுதியவருக்கு ஒவ்வொரு தட்டுக்கும் பங்கு வரும். பின்னே வாசித்தவர் தம் கற்பனையால் சேர்த்த அணிக்கு அத்தகைய உரிமை இல்லை. அன்றைய கூலியோடு கணக்குத் தீர்ந்துவிடும். கணக்கேட்டில் கூலி பெற்ற பெயர் வேறு, உறையில் அச்சாகும் பெயர் வேறு என்று ஆயிற்று.

இனி, தெற்கே மெம்பிஸ் நகருக்கு வருவோம். அங்குள்ள ஸ்டாக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கிய ஜிம் ஸ்டூவர்ட் நம்மைப் போலவே மேசையில் அமர்ந்து கணக்கெழுதிய வங்கிப் பணியாளர். அவருடைய தமக்கையார் எஸ்டெல் ஆக்ஸ்டன் தம் வீட்டை அடமானம் வைத்து ஒலிப்பதிவுக் கருவி வாங்க உதவினார். மூடிக் கிடந்த சினிமாக் கொட்டகை ஒன்றை 1960இல் வாடகைக்கு எடுத்தனர். நாற்காலிகளை அகற்றினர்; சரிந்த தரை சரிந்தபடியே இருந்தது. மிட்டாய் விற்ற இடத்தில் இசைத்தட்டுக் கடை வந்தது. அக்காலத்து மெம்பிஸில் கறுப்பினத்தாரும் வெள்ளையரும் ஒரே உணவு விடுதியில் அமர இயலாது. ஆனால், அந்தக் கொட்டகைக்குள் புக்கர் டி. ஜோன்ஸ், அல் ஜாக்சன் என்னும் கறுப்பினத்தார் இருவரும், ஸ்டீவ் கிராப்பர், டொனால்டு டன் என்னும் வெள்ளையர் இருவரும் ஒரே குழுவாக வாசித்தனர். 1962இல், டன் சேர்வதற்கு முன்னர், அதே குழு ஓய்வு நேரத்தில் வாசித்துப் பார்த்த 'கிரீன் ஆனியன்ஸ்' தட்டாக வெளிவந்து நாடெங்கும் புகழ் பெற்றது. பாட்டே இல்லை, வாசித்தவர்களின் பெயரே முன்னே நின்றது. பின்னே நிற்பவருக்குப் பெயர் கொடுத்தால் வாணிகம் கெட்டுவிடாது என்பதற்கு இதுவே சான்று.

அவ்வாண்டே வேறொரு குழுவின் வண்டியை ஓட்டிக்கொண்டு அங்கு வந்தார் ஓட்டிஸ் ரெடிங் என்னும் இளைஞர். வந்த குழுவின் பதிவு சரியாக அமையவில்லை. எஞ்சிய நேரத்தில் தம்மைப் பாட விடுமாறு வேண்டினார். வண்டி ஓட்டி வந்தவர் சோல் இசையின் பெரும் பாடகரானார். 1967 டிசம்பர் 10ஆம் நாள், விஸ்கான்சின் மாநிலத்து மனோனா ஏரியில் அவரது விமானம் வீழ்ந்து மடிந்தார். இறப்பதற்குச் சில நாட்களுக்கு முன் பதிவான 'டாக் ஆப் தி பே' அடுத்த ஆண்டு முதலிடம் பெற்றது. மறைந்த நண்பரின் குரலைக் கேட்டவாறே அதை இறுதி வடிவமாக்கியவர் ஸ்டீவ் கிராப்பர்.

ஓட்டிஸ் ரெடிங் விமான விபத்தில் இறந்தார் என்பது பலரும் அறிந்த செய்தி. அதே விமானத்தில் பார்-கேஸ் என்னும் அவரது பின்னிசைக் குழுவின் இளைஞர் நால்வரும் இறந்தனர் என்பதை எத்தனை பேர் அறிவர்? ஜிம்மி கிங், ரானி கால்டுவெல், பேலன் ஜோன்ஸ், கார்ல் கன்னிங்ஹாம் என்பன அவர்கள் பெயர்கள். மீசை அரும்பும் வயது. பென் காலி ஒருவரே அந்தக் குளிர்ந்த நீரினின்று உயிரோடு மீட்கப்பட்டார். இப்பெயர்களை இம்மேடையில் ஒரு முறையேனும் உரக்கச் சொல்ல வேண்டும் என்பதற்காகவே எழுதிக் கொண்டு வந்தோம்.

காலம் தாழ்ந்தேனும் நீதி சிறிது வந்தது. 1989இல் ஜேமர்சனைப் பற்றி ஆலன் ஸ்லட்ஸ்கி நூல் எழுதினார். 2000இல் அமெரிக்க ராக் இசைப் புகழ் மன்றம் பின்னிசைக் கலைஞர்க்கென்றே தனிப் பிரிவு வகுத்து ஜேமர்சனைச் சேர்த்துக் கொண்டது. 2002இல் பங்க் பிரதர்ஸைப் பற்றிய திரைப்படம் வெளிவந்தது. 2004இல் கிராமி அமைப்பு அவர்களுக்கு வாழ்நாள் சாதனை விருது அளித்தது. ஆனால், பென்னி பெஞ்சமின் 1969இலும், ஏர்ல் வேன் டைக் 1992இலும், ராபர்ட் வைட் 1994இலும் மறைந்துவிட்டனர்.

அவையோரே! தமிழ்ச் சங்கத்தில் இதற்கு என்ன வேலை என்பதற்கு விடை கூறும் நேரம் வந்துவிட்டது.

நம் காலனியில் மிருதங்கப் பெரியவர் ஒருவர் இருந்தார். பணிமனையில் பிட்டர் வேலை. இந்த மேடையில் 20 ஆண்டுகளுக்கு மேல் நம் பிள்ளைகளின் ஆட்டத்துக்கும் பாட்டுக்கும் வாசித்தவர் அவரே. ஜதி தவறிய குழந்தையைத் தாளம் தவறாமல் தாங்கிக் கொண்டு வந்து கரை சேர்த்தவர். சென்ற ஆண்டு அவர் காலமானார். இரங்கல் தீர்மானம் எழுதும் பணி நம்மிடம் வந்தது. தலைப்பெழுத்துடன் முழுப் பெயர் வேண்டும். "மிருதங்கக்காரர்" என்றே அழைத்துப் பழகிய நமக்கு அது தெரியவில்லை. பழைய மலர்களையும் அழைப்பிதழ்களையும் ஒன்று விடாமல் புரட்டினோம். புரவலர் பெயர் பட்டங்களுடன் இருந்தது. பந்தல் போட்டவர் பெயர் இருந்தது. ஒலிபெருக்கி இலவசமாகத் தந்த கடையின் பெயரும் இருந்தது. அவரைப் பற்றி, "பக்கவாத்தியங்களுடன்" என்ற ஒரு சொல்லே இருந்தது.

அந்த அழைப்பிதழ்களில் பதினொன்றை எழுதியவர் வேறு யாருமல்லர், நாமே. டெட்ராய்ட்டில் வாசித்தவரின் பெயருக்காக வருந்திய நாம், பத்தடி தொலைவில் வாசித்தவரின் பெயரைப் பதினோர் ஆண்டுகள் எழுதாமல் விட்டோம்.

இறுதியில் அப்பெயர் அலுவலகத்துப் பழைய பணிப் பதிவேட்டில் கிடைத்தது. பதவி, சம்பளம், சேர்ந்த நாள், ஓய்வு நாள் எல்லாம் அதில் இருந்தன. மிருதங்கம் என்ற சொல் இல்லை. அது இருக்க வேண்டிய ஏடு நம் சங்கத்தின் ஏடன்றோ?

அப்பெரியவரின் பெயர் இன்று உங்கள் கையில் உள்ள மலரின் முதற் பக்கத்தில் முழுமையாக அச்சாகியுள்ளது. வீட்டுக்குச் சென்றதும் பிள்ளைகளுக்கு அதை வாசித்துக் காட்டுங்கள். சங்கத்தாரிடம் ஒரே ஒரு வேண்டுகோள்: இனி அச்சாகும் ஒவ்வோர் அழைப்பிதழிலும், மிருதங்கம், வயலின், சுருதிப்பெட்டி வாசிப்பவர் முதல் திரை இழுப்பவர், சமையற்கட்டில் நிற்பவர் வரை, ஒருவர் பெயரும் விடுபடாதிருக்கட்டும். தாள் கூடுமே என்று பொருளாளர் கவலைப்பட வேண்டாம். அந்த ஒரு பக்கத்தின் செலவை ஆண்டுதோறும் நாம் ஏற்போம்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!