நம்பர் வந்தது, பேச்சு வரவில்லை



கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு சின்ன ஊர். அங்கே ஓர் ஆயா இருக்கிறார். வயது எழுபதைத் தாண்டிவிட்டது என்று பேரன் சொல்வான். ஆயாவைக் கேட்டால் வருடக் கணக்கு வராது. மலையில் ஜாகிர் ஒழிந்தபோது மூத்த மகள் நடக்கப் பழகியிருந்தாள் என்பார். ஜாகிர் என்ற பரம்பரை நில ஆட்சி ஒழிந்தது 1976-இல். மற்றதை நாம் கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

அவர் வீட்டில் சிக்னல் கிடையாது. சாயங்காலம் அடுப்பு பற்றவைத்த பிறகு பேரன் போனை ஆயா முன்னால் நீட்டுவான். அவர் பேசுவார். அது வாட்ஸ்அப்பில் குரல் பதிவாகி, போக வழியில்லாமல், ஒரு சின்னக் கடிகாரக் குறியோடு அப்படியே நிற்கும். மறுநாள் பேரன் ஆடு ஓட்டிக்கொண்டு மேட்டுப் பாறைக்குப் போவான். அங்கே ஏறினால் ஒரு கோடு சிக்னல் கிடைக்கும். முந்தின நாள் பேச்செல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பி, கீழே சமவெளியில், உளுந்தூர்பேட்டை வட்டத்துக் களமருதூரில், என் போனில் வந்து விழும். நான் வரப்பில் நிற்பேன், அல்லது பஸ்ஸில் இருப்பேன். காதில் வைத்தால் மலை கேட்கும். ஆயா குரலுக்குப் பின்னால் சாமை குத்தும் உலக்கைச் சத்தம், தகரக் கூரையில் மழை, யாரோ ஒரு குழந்தையின் இருமல்.

நான்கு வருடம் இப்படி வந்தது. தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்த கதை சொன்னார். மலையாளிப் பழங்குடியினர் பலரும் சொல்லும் கதைதான், ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் அதற்கு ஒரு தனித் திருப்பம் உண்டு. ஜாகிர்தார் நிலத்தில் கூலி இல்லாமல் வேலைக்குப் போன நாட்களைச் சொன்னார். நாடு சுதந்திரம் வாங்கி ஏறத்தாழ முப்பது வருடம் அந்த மலை மூன்று ஜாகிர்களின் பிடியில்தான் கிடந்தது. அதை நேரில் பார்த்தவர்கள் இன்று குறைந்துகொண்டே வருகிறார்கள். ஆயா அவர்களில் ஒருவர்.

அந்தப் பேச்சில் பெரும்பகுதி இப்போது என்னிடம் இல்லை. போன் மாற்றியபோது போய்விட்டது. இன்று உங்களிடம் பேச வந்தது அதைப் பற்றித்தான்.

ஒன்பது வருடம் நான் ஒரே தளத்து போன்களை வைத்திருந்தேன். தளம் என்றால் போனுக்குள் ஓடும் அடிப்படை மென்பொருள். இன்று கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் இரண்டுதான்: ஆண்ட்ராய்டு, ஐபோனின் ஐஓஎஸ். நம் பக்கத்துப் பெரியவர்களுக்கு இதைச் சொல்லப் பழைய ரயில் பாதை போதும். மீட்டர் கேஜ் பெட்டி பிராட் கேஜ் தண்டவாளத்தில் ஓடாது. இரண்டும் சந்தித்த ஜங்ஷனில் இறங்கி வண்டி மாற வேண்டியிருந்தது, மூட்டை முடிச்சை இறக்கி ஏற்ற வேண்டியிருந்தது. போன் தளம் மாறுவதும் அப்படித்தான். மூட்டை நம்முடையது. ஆனால் எதை ஏற்றுவது, எதை பிளாட்பாரத்திலேயே விடுவது என்பது நம் கையில் மட்டும் இல்லை.

என் பழைய போனில் வங்கிச் செயலி இனி ஓடாது என்று ஒரு நாள் அறிவிப்பு வந்தது. கடைக்குப் போனேன். எக்ஸ்சேஞ்சில் பழையதைக் கொடுத்து, வேறு தளத்துப் புதிய போன் ஒன்றை வாங்கினேன். கடைத் தம்பி கெட்டிக்காரன். சிம்மை மாற்றினான், எண்களை ஏற்றினான், படங்களை ஏற்றினான். வாட்ஸ்அப்பைத் திறந்து என் நம்பரைப் போட்டான். "எல்லாம் வந்துடுச்சு அண்ணா" என்றான். பழைய போனைச் சுத்தமாக அழித்து மேசை டிராயரில் போட்டான். ராத்திரி வீட்டில் வாட்ஸ்அப்பைத் திறந்து பார்த்தேன். பெயர்கள் இருந்தன. பேச்சு ஒன்றுகூட இல்லை.

ஓடினேன், கேட்டேன், தேடினேன். இடமில்லை என்று போன் எச்சரித்தபோதெல்லாம் நான் தள்ளிவிட்டதில், என் பேக்கப் எப்போதோ நின்றுபோயிருந்தது. மைத்துனரிடம் பழைய தளத்து போனைக் கடன் வாங்கித் திறந்ததில் முதல் சில மாதப் பேச்சு மட்டும் கிடைத்தது. பேரனைக் கேட்டேன். அவன் போனில் இடம் குறைவு. எனக்கு இரண்டு டிக் விழுந்ததும் அவன் பக்கம் அழித்துவிடுவானாம். "உங்ககிட்டதான் இருக்குதே" என்றான். அந்த வார்த்தை இன்னும் என்னை விடவில்லை.

இந்த மாதிரித் தளமாற்றமும் இழப்பும் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. நோக்கியா 1100 நினைவிருக்கும். 2003-இல் வந்தது. தலையில் ஒரு சின்ன டார்ச். நடு இரவில் மும்முனை மின்சாரம் வந்த நாட்களில் மோட்டார் போட வரப்பில் நடந்தவருக்கு அந்த வெளிச்சம் போதும், பாம்பு கிடந்தால் தெரியும். உலகம் முழுவதும் 25 கோடி விற்ற போன் அது. நம் ஊர்களில் போன் என்றாலே நோக்கியா என்று ஒரு காலம் இருந்தது. 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் அந்த நிறுவனத்தின் ஆலையும் வந்தது. உச்சத்தில் ஏறக்குறைய 8,000 நிரந்தரத் தொழிலாளர்கள், அவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள். பன்னிரண்டாம் வகுப்போ டிப்ளமாவோ முடித்த கையோடு கிராமத்திலிருந்து பஸ் ஏறிப் போனவர்கள். வீட்டுக்குப் பணம் அனுப்பினார்கள், தம்பி தங்கையைப் படிக்க வைத்தார்கள்.

2011 பிப்ரவரி 11 அன்று லண்டனில் ஓர் அறிவிப்பு. நோக்கியாவின் தலைமை நிர்வாகி ஸ்டீபன் ஈலாப், மைக்ரோசாஃப்டின் ஸ்டீவ் பால்மரோடு நின்று, தங்கள் ஸ்மார்ட்போன்கள் இனி பழைய சிம்பியன் தளத்தை விட்டு விண்டோஸ் போன் தளத்துக்கு மாறும் என்றார். அதற்குச் சில நாள் முன்பு ஊழியர்களுக்கு எழுதிய குறிப்பில், கடல் நடுவே தீப்பிடித்த எண்ணெய்த் தளத்தில் நிற்கும் மனிதனோடு தம் நிறுவனத்தை அவர் ஒப்பிட்டிருந்தார். நின்றால் எரிவான், குதித்தால் குளிர்ந்த கடல். குதித்தார்கள். கரை சேரவில்லை. 2014 ஏப்ரல் 25 அன்று நோக்கியாவின் போன் தொழில் மைக்ரோசாஃப்டின் கைக்குப் போனது. வரி வழக்கில் சிக்கியிருந்த ஸ்ரீபெரும்புதூர் ஆலை அந்த விற்பனையில் சேரவில்லை. 2014 நவம்பர் 1 அன்று ஆலை நின்றது.

நோக்கியா பிறந்த ஃபின்லாந்துக்காரர்களுக்கு இது ஒரு வணிக வரலாறு. நமக்கு, வேலையை விட்டு வீடு திரும்பிய பெண்களின் கதை. கல்யாணத்துக்குச் சீட்டுக் கட்டிக்கொண்டிருந்தவர்கள், வீடு கட்டக் கடன் வாங்கியிருந்தவர்கள். ஒரு போன் தளத்தின் மேல் அவர்கள் வைத்த நம்பிக்கை, கடையில் போன் வாங்கிய நம்மைவிடப் பல மடங்கு பெரியது. இன்று அதே வட்டாரத்தில் ஃபாக்ஸ்கான் ஐபோன் செய்கிறது. வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் குடியிருப்பு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. ஸ்ரீபெரும்புதூரே தளம் மாறிவிட்டது. முதல் தளத்துக்கு உழைத்தவர்களில் எத்தனை பேரை இரண்டாவது தளம் சேர்த்துக்கொண்டது என்பதுதான் என் கேள்வி.

போனை வைத்திருந்தவர்களுக்கும் கதவு அடைபட்டது. 2017 ஜூன் 30-க்குப் பிறகு சிம்பியன் போன்களில் வாட்ஸ்அப் இல்லை. 2019 டிசம்பர் 31-க்குப் பிறகு விண்டோஸ் போன்களிலும் இல்லை. போன் நன்றாகத்தான் இருக்கும், சார்ஜ் நிற்கும், கண்ணாடியில் கீறல்கூட இருக்காது. ஆனால் மகன் துபாயிலிருந்து அனுப்பும் குரல் அதில் வராது.

இங்கே ஒன்றை யோசித்துப் பாருங்கள். 2018 பிப்ரவரியில் ஏர்செல் சிக்னல் தமிழ்நாடு முழுக்கக் காணாமல் போனது நினைவிருக்கிறதா? கடை வாசல்களில் கூட்டம். போர்ட் என்று டைப் செய்து 1900-க்கு அனுப்பக்கூட சிக்னல் இல்லாமல், போனைத் தூக்கிப் பிடித்தபடி மாடிக்கும் ரோட்டுக்கும் அலைந்தார்கள். அவ்வளவு குழப்பத்திலும் ஏராளமானவர்கள் தங்கள் பழைய நம்பரோடு வேறு நிறுவனத்துக்குப் போனார்கள். அது எந்தக் கம்பெனியின் பெருந்தன்மையும் அல்ல. 2010 நவம்பர் 25 அன்று ஹரியானாவில் தொடங்கி, 2011 ஜனவரி 20 அன்று நாடு முழுவதும் வந்த நம்பர் போர்ட்டபிலிட்டி விதி அது. 2015 ஜூலையிலிருந்து மாநிலம் விட்டு மாநிலம் போனாலும் நம்பர் கூடவே வருகிறது. கள்ளக்குறிச்சியிலிருந்து பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகிறவருக்கு இதன் அருமை தெரியும். மேஸ்திரியின் நோட்டில் எழுதிய நம்பர் மாறினால் வேலை போய்விடும்.

எழுத்துக்கும் இப்படி ஒரு விடுதலை நடந்திருக்கிறது. ஒரு காலத்தில் டிடிபி சென்டரில் அடித்த கல்யாணப் பத்திரிகையை அடுத்த கடைக்குக் கொண்டுபோனால் வெறும் கிறுக்கலாகத் தெரியும். பாமினி ஒரு பக்கம், டிஸ்கி ஒரு பக்கம், டாப், டாம் இன்னொரு பக்கம். எழுத்துருவை மாற்றினால் எழுதியதெல்லாம் சிதைந்தது. யூனிகோடு என்ற பொதுக் குறியீடு பரவியது, 2010-இல் தமிழ்நாடு அரசும் அதைத் தரமாக ஏற்றது. இன்று ஆண்ட்ராய்டில் அடித்த தமிழ் ஐபோனில் பிசகாமல் தெரிகிறது. மலேசியாவின் முத்து நெடுமாறன் 2005-இல் கொண்டுவந்த செல்லினம் என்ற தமிழ்த் தட்டச்சுச் செயலி, பட்டன் போனில் தொடங்கி இரண்டு தளங்களுக்கும் வந்து சேர்ந்தது. தமிழ் எந்தக் கம்பெனிக்குள்ளும் அடைபடாமல் வெளியே வந்தது, பலர் வருடக் கணக்கில் உட்கார்ந்து வாதாடி, ஒரு பொதுத் தரத்துக்கு வந்ததால்தான்.

ஆக நம்பர் நம்முடையது. எழுத்து நம்முடையது. பேச்சு மட்டும் இன்னும் கம்பெனியின் பெட்டிக்குள் இருக்கிறது. வாட்ஸ்அப் தொடங்கியது 2009-இல். ஐபோனுக்கும் ஆண்ட்ராய்டுக்கும் இடையில் பேச்சை எடுத்துப்போகும் வழி 2021-இல் ஒரு திசையிலும், 2022-இல் மறு திசையிலும் திறந்தது. நடுவில் பன்னிரண்டு, பதின்மூன்று வருடம். அத்தனை காலம் அது முடியாத காரியமாக இருந்தது என்று நான் நம்பவில்லை. யாரும் கட்டாயப்படுத்தவில்லை, அவ்வளவுதான். ஐரோப்பாவில் 2018 மே 25 முதல், தன் தகவலை வேறு இடத்துக்கு எடுத்துப்போகும் உரிமை சட்டத்தில் இருக்கிறது. இந்தியாவிலும் 2019-இல் கொண்டுவந்த தனிநபர் தகவல் பாதுகாப்பு மசோதாவில் அது இருந்தது. 2023-இல் நிறைவேறிய சட்டத்தில் அது இல்லை. நம்பருக்கு ஒரு விதி கொண்டுவர முடிந்த நாட்டில், பேச்சுக்கு ஒரு விதி ஏன் முடியாது? இதை நம் எம்.பி.க்களிடம் கேட்க வேண்டும். நான் கடிதம் எழுதியிருக்கிறேன். நீங்களும் எழுதுங்கள்.

அதுவரை, தளம் மாறப்போகிறவர்களுக்கு என் அனுபவத்திலிருந்து சில சொல்கிறேன். பழைய போனைக் கடையிலேயே கொடுத்துவிடாதீர்கள். எக்ஸ்சேஞ்சில் கிடைக்கும் தொகை போனாலும் பரவாயில்லை, ஒரு மாதமாவது வீட்டில் வைத்திருங்கள். புதிய போனில் அவசரப்பட்டு வாட்ஸ்அப்பைத் திறந்து நம்பர் போடாதீர்கள். பேச்சை மாற்றும் வேலை, புதிய போனை முதல்முதலாக அமைக்கும்போதே நடக்க வேண்டும். ஒரு தளத்துக்காரர் பேக்கப் கூகுள் கணக்கில் இருக்கும், மற்றவருடையது ஐகிளவுடில் இருக்கும். ஒன்றை மற்றது படிக்காது. மிக முக்கியமான உரையாடல் என்றால், அந்த உரையாடலுக்குள் போய் எக்ஸ்போர்ட் சாட் என்பதைத் தட்டி, படம் குரல் எல்லாம் சேர்த்து உங்களுக்கே மின்னஞ்சல் செய்துகொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் அதைத் திரும்ப ஏற்ற முடியாது, ஆனால் கேட்க முடியும், படிக்க முடியும்.

அறுவடை முடிந்து தை மாதத்தில் மலைக்குப் போனேன். கள்ளக்குறிச்சியில் பஸ் ஏறி, கச்சிராயபாளையம், கோமுகி அணை தாண்டி, வளைவுகளில் ஏறி வெள்ளிமலை. அங்கிருந்து பேரன் வண்டியில். ஆயா திண்ணையில் புளி தட்டிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். "அதான் அப்பவே சொல்லிட்டேனே தம்பி" என்றார். கோபம் இல்லை, அலுப்பு இருந்தது. சொன்ன கதையைத் திரும்பச் சொல்வது அறுத்த வயலில் மறுபடி கதிர் தேடுவது போலத்தான்.

ஆனாலும் சொன்னார். முன்பு சொன்ன அளவுக்கு நீளவில்லை. ஜாகிர்தார் வீட்டுக்கு விறகு சுமந்த நாளை, முன்பு அவர் அழுதுகொண்டே சொன்ன இடத்தை, இந்தத் தடவை இரண்டே வாக்கியத்தில் கடந்துவிட்டார். இம்முறை வாட்ஸ்அப்பில் அல்லாமல் போனின் ரெக்கார்டரில் சாதாரணக் கோப்பாகப் பதிந்தேன். ஒரு பென் டிரைவில் ஏற்றினேன். பேரனுக்கு ஒரு மெமரி கார்டு வாங்கிப் போயிருந்தேன், அதிலும் ஏற்றிக் கொடுத்தேன்.

கிளம்பும் நேரத்தில் ஆயா, "போட்டுக் காட்டு" என்றார். போட்டேன். தன் குரலைத் தானே கேட்டபடி, புளியங்கொட்டையை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டே இருந்தார். பாதியில் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார்.

"அந்த இடத்துல என் நாத்தனார விட்டுட்டேன். அவளும்தான் விறகு சுமந்தா. எழுதிக்கோ" என்று, புளியைத் தள்ளி வைத்துவிட்டு, முதலிலிருந்து ஆரம்பித்தார். நான் கடைசி பஸ்ஸை விட்டேன்.